பி-எர்க் 24 மணியில் திரும்பி வருகிறது, செல்கள் சாகவில்லை: ஹெச்டி-29இல் வெமுராஃபெனிப்

நுண்குழாய் (கேள்வி)

வணக்கம். பிராஃப் (வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் கைனேஸ்) புரதத்தில் வி600இ பிறழ்வு உள்ள இரண்டு செல்வரிசைகளில், பிராஃபைத் தடுக்கும் ஒரே மருந்தான வெமுராஃபெனிப் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. எங்கே பார்ப்பது என்று சொல்லுங்கள்.

செல்கள்: ஹெச்டி-29 (பெருங்குடல்), ஏ375 (மெலனோமா). 6 குழித் தட்டில் குழிக்கு 3 லட்சம். மறுநாள் பழைய மீடியத்தை உறிஞ்சிவிட்டு, 10% சீரம் கலந்த புது மீடியத்தில் வெமுராஃபெனிப் 1 மைக்ரோமோலார். 1, 6, 24, 48 மணியில் பிபிஎஸ்ஸால் இருமுறை கழுவி, ரிப்பா பஃபரில் லைசேட் (செல்லை உடைத்த புரதக் கரைசல்) எடுத்து வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் புரதம் தேடும் முறை). 0 மணிக் குழியில் மீடியம் மாற்றவில்லை.

ஏ375இல் 1 மணியிலேயே பி-எர்க் (பாஸ்பேட் ஏறி வேலை செய்யும் எர்க், பிராஃப்–மெக்–எர்க் வரிசையின் கடைசிக் கைனேஸ்) மறைந்துவிடுகிறது. 24 மணியில் மெல்லிய கோடாகத்தான் வருகிறது. ஹெச்டி-29இல் 1 மணியில் நன்றாகக் குறைகிறது, 6 மணியில் லேசாக எழுகிறது, 24 மணியில் ஏறக்குறைய 0 மணி அளவுக்கு வந்துவிடுகிறது. 72 மணி எம்டிடியில் (உயிருள்ள செல்லை நிறத்தால் கணிக்கும் சோதனை) ஹெச்டி-29 50% காட்டுகிறது. ஆனால் வெட்டுண்ட பார்ப் (அபோப்டோசிஸ் என்ற திட்டமிட்ட செல் இறப்பின் அடையாளம்) எந்த நேரத்திலும் இல்லை.

1. மருந்து மீடியத்தில் சிதைந்துபோகிறதா?
2. பாதிச் செல் செத்திருந்தால் பார்ப் ஏன் வெட்டுப்படவில்லை?
3. டோஸை 10 மைக்ரோமோலாராக்கிப் பார்க்கலாமா?

ராஸ்வழி

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். டோஸை ஏற்ற வேண்டாம். வெமுராஃபெனிப் அந்த அளவில் பிராஃபோடு நிற்காது. ஸாக் போன்ற வேறு கைனேஸ்களையும் பிடித்து, ஜேஎன்கே என்ற அழுத்தச் செய்தி வழியை அடக்கிவிடும். ஜேஎன்கே அடங்கினால் அபோப்டோசிஸ் குறையும். சாகடிக்க நினைத்து ஏற்றிய டோஸ் செல்லைக் காப்பாற்றும் வேலையைச் செய்துவிடும்.

நீங்கள் பார்ப்பது பின்னூட்ட வளையம் திறந்துகொள்வதை. பிராஃப் வி600இ உள்ள செல்லில் எர்க் எப்போதும் உச்சத்தில் ஓடுகிறது. அந்த எர்க்கே தனக்குக் கடிவாளமாக டஸ்ப்6, ஸ்ப்ரௌட்டி போன்ற புரதங்களை ஏராளமாக எழுதவைக்கிறது. ஸ்ப்ரௌட்டி, ஏற்பியிலிருந்து ராஸுக்கு (ராஃப் புரதங்களை முடுக்கும் சுவிட்ச் புரதம்) வரும் செய்தியை அடைக்கிறது. டஸ்ப்6 எர்க்கின் பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. அதனால் ராஸ்-ஜிடிபி (GTP ஒட்டிய, வேலை செய்யும் நிலையில் உள்ள ராஸ்) மிகக் குறைவு. வி600இ பிராஃப் ராஸின் தயவே இல்லாமல் தனி மூலக்கூறாக வேலை செய்கிறது. வெமுராஃபெனிப் சிறப்பாகப் பிடிப்பது அந்தத் தனி வடிவத்தைத்தான்.

மருந்து போட்டதும் எர்க் விழுகிறது. அடுத்த சில மணிகளில் டஸ்ப்6, ஸ்ப்ரௌட்டி தீர்ந்துபோகின்றன. ஏற்பிகளின் வாய் திறக்கிறது. ராஸ்-ஜிடிபி ஏறுகிறது. ராஸ் ஏறினால் ராஃப் புரதங்கள் இரண்டிரண்டாகச் சேரும். அந்த இணையில் ஒரு பக்கத்தில் மருந்து உட்கார்ந்தால் மறுபக்கத்தில் மருந்து ஒட்டும் பிடிப்பு தளர்ந்துவிடும், அந்த மறுபக்கம் மெக்கை ஏவும். பி-எர்க் மீண்டும் எழுகிறது.

இந்த வளையம் ஏ375இலும் உண்டு. 24 மணியில் நீங்கள் பார்க்கும் மெல்லிய கோடு அதுதான். வேறுபாடு ஏற்பியில். பெருங்குடல் எபிதீலியச் செல்லில் ஈஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சிக் காரணி ஏற்பி நிறைய இருக்கும், மெலனோமாவில் மிகக் குறைவு. கூடவே, பிராஃப்–மெக் வழி அடங்கும்போது சிடிசி25சி என்ற பாஸ்படேஸின் வேகமும் குறைகிறது. அதனால் ஈஜிஎஃப்ஆரின் மேல் ஏறிய பாஸ்பேட் இறங்காமல் தங்கிவிடுகிறது. 2012இல் வெளிவந்த ஆய்வுகள் இதைக் காட்டின. நோயாளிகளிடமும் இதே கதைதான். மெலனோமாவில் வெமுராஃபெனிப் தனியாகவே சுமார் 48% பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. அதே பிறழ்வுள்ள பெருங்குடல் புற்றில் 21 பேரில் ஒருவருக்கு மட்டுமே. 2020இல் அமெரிக்க மருந்து ஆணையமான எஃப்டிஏ அங்கீகரித்த ஜோடி என்கோராஃபெனிப் + செடுக்ஸிமாப், அதாவது ராஃப் தடையும் ஈஜிஎஃப்ஆர் தடையும் சேர்ந்தது.

ஆனால் உங்கள் பிளாட்டை இப்போதே இப்படிப் படித்துவிட முடியாது. அமைப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது. 10% சீரம் கலந்த புது மீடியம் விழுந்த 5–10 நிமிடத்தில் பி-எர்க் துள்ளும். உங்கள் மருந்துக் குழிகள் எல்லாவற்றுக்கும் அந்தத் துள்ளல் உண்டு, 0 மணிக் குழிக்கு இல்லை. மீடியத்தை மாற்றாதீர்கள். குழியில் 1.8 மில்லி இருக்கட்டும். மருந்தைப் பத்து மடங்குச் செறிவில், அதே செல் வளர்ந்த பழைய மீடியத்தில் கலந்து 0.2 மில்லி சேருங்கள். ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் தனித்தனி டிஎம்எஸ்ஓ குழி (மருந்தில்லாமல் கரைப்பான் மட்டும்) வையுங்கள். 24 மணியில் செல் நெருக்கமும் மாறியிருக்கும், 0 மணிக் குழியோடு ஒப்பிட்டால் அதுவும் கலந்துவிடும். 10 மில்லிமோலார் ஸ்டாக்கிலிருந்து 1 மைக்ரோமோலாருக்கு டிஎம்எஸ்ஓ 0.01% தான், கவலையில்லை. ஸ்டாக்கை நேரடியாகத் தண்ணீர்ப் பதத்தில் விட்டால் படிகம் கட்டும். முதலில் டிஎம்எஸ்ஓவில் நீர்த்து, பிறகு சீரம் உள்ள மீடியத்துக்குப் போங்கள். இந்த மருந்து 99%க்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கொள்வது, ஆகவே இரண்டு செல்வரிசைக்கும் சீரம் சதவீதம் ஒன்றாக இருக்க வேண்டும்.

மருந்து சிதைந்ததா என்பதற்கு இரண்டு சோதனை போதும். ஒன்று, 22ஆம் மணியில் புது மருந்து சேர்த்து 24இல் லைசேட் எடுப்பது. பி-எர்க் மறுபடி விழுந்தால் மருந்துதான் தீர்ந்திருக்கிறது. விழாவிட்டால் செல்தான் மாறியிருக்கிறது. இரண்டு, 24 மணி மருந்துக் குழியின் மீடியத்தை எடுத்து, மருந்தே பார்க்காத ஏ375 மேல் 1 மணி நேரம் விடுவது. பி-எர்க் விழுந்தால் மருந்து உயிரோடு இருக்கிறது. ஏ375இல் செய்யச் சொல்வதற்குக் காரணம், அந்த மீடியத்தில் ஹெச்டி-29 சுரந்த ஈஜிஎஃப்ஆர் ஈனிகளும் (ஏற்பியில் ஒட்டி அதைத் தூண்டுபவை) இருக்கும். ஏற்பி குறைந்த ஏ375இல் அவை அதிகம் குழப்பாது.

இதோடு டஸ்ப்6 எம்ஆர்என்ஏவை ஆர்டி-கியூபிசிஆரில் 1, 6, 24 மணிக்குப் பாருங்கள். பி-எர்க் பேண்டு ஒரு கணத்தின் படம். டஸ்ப்6, எர்க் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதன் கணக்கு. பேண்டு முழுதாகத் திரும்பியும் டஸ்ப்6 பாதிதான் திரும்பியிருக்கலாம், அப்போது கதை வேறு.

பிளாட் பற்றி ஒரு வார்த்தை. "ஏறக்குறைய 0 மணி அளவு" என்பதை எக்ஸ்போஷரைப் பார்த்துச் சொல்லக் கூடாது. பேண்டு தெவிட்டிவிட்டால் 40% கூட 100% போலத் தெரியும். 0 மணி லைசேட்டை 100, 50, 25, 12.5 என்று நீர்த்து அதே ஜெல்லில் ஏற்றுங்கள், திரும்பியது எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும்.

பேண்டுகவனி

ராஸ்வழி சொன்னதோடு லைசேட் பக்கம் மூன்று விஷயம்.

பாஸ்படேஸ் தடுப்பானான சோடியம் வனடேட்டைப் பொடியாகக் கலக்கிப் போட்டால் பயனில்லை. 200 மில்லிமோலார் கரைசலை பிஹெச் 10க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகும். கொதிக்கவைத்தால் நிறம் போகும். ஆறவைத்து மறுபடி பிஹெச் 10க்குச் சரிசெய்யுங்கள். நிறம் வராமல் நிலைக்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். மஞ்சள் என்றால் வனடேட் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டிருக்கிறது, அது பாஸ்படேஸைத் தடுக்காது. லைசேட்டில் 1 மில்லிமோலார் இருக்கட்டும். உங்கள் ரிப்பாவில் இடிடிஏ இருந்தால் அது வனடேட்டைக் கவ்வி வேலையைக் கெடுக்கும். சோடியம் ஃப்ளூரைடு, பீட்டா-கிளிசரோபாஸ்பேட் இரண்டும் செரின்–திரியோனின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பி-எர்க் ஆன்டிபாடிக்கு பிஎஸ்ஏ (மாட்டுச் சீரம் ஆல்புமின்) 5%, பால் வேண்டாம். பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணி கூடும்.

பார்ப் தெரியாததற்கு முதல் காரணம் உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது: "பிபிஎஸ்ஸால் இருமுறை கழுவி." சாகிற செல் தட்டை விட்டுக் கழன்று மிதக்கும். மீடியத்தோடும் பிபிஎஸ்ஸோடும் சேர்த்து அதைக் கொட்டிவிட்டீர்கள். மீடியம், கழுவிய பிபிஎஸ் இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்து, 500 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுழற்றி, அந்தப் படிவை ஒட்டியிருந்த செல்களின் லைசேட்டோடு சேருங்கள். பார்ப் முழுசாக 116, வெட்டுண்டது 89 கிலோடால்ட்டன். அபோப்டோசிஸைத் தூண்டும் ஸ்டாரோஸ்போரின் 1 மைக்ரோமோலார் 6 மணி கொடுத்த ஒரு குழியையும் கூடவே ஓட்டுங்கள். அதிலும் 89 வராவிட்டால் பிரச்சினை ஆன்டிபாடியில்.

இறப்புக்கணக்கு

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். எம்டிடி 50% என்றால் பாதி செத்தது என்று அர்த்தமே இல்லை.

குழியில் 5000 செல் போட்டீர்கள் என்று வையுங்கள். 72 மணியில் மூன்று முறை இரட்டித்தால் கட்டுப்பாட்டில் 40,000. மருந்துக் குழியில் 20,000 இருந்தால் நீங்கள் 50% என்று எழுதுவீர்கள். உண்மையில் அந்தச் செல்கள் இரண்டு முறை இரட்டித்திருக்கின்றன, ஒன்றுகூடச் சாகவில்லை. மருந்து வளர்ச்சியை முற்றிலும் நிறுத்தி 5000லேயே வைத்திருந்தால்கூட எம்டிடி 12.5% என்று காட்டும், ஏதோ பெரும் அழிவு நடந்தது போல. அப்போதும் இறப்பு பூஜ்யம். 5000க்குக் கீழே போனால்தான் இறப்பு என்று உறுதியாகச் சொல்லலாம். மருந்து சேர்க்கும் நேரத்திலேயே ஒரு தட்டை நிறுத்தி எண்ணாமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அந்த 0 மணித் தட்டு இல்லாத எம்டிடி வரைபடத்தை வைத்து உயிர்பிழைப்பு பற்றி எதுவும் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தவிர, எம்டிடி அளப்பது வளர்சிதை மாற்றத்தை. எர்க் விழுந்தால் குளுக்கோஸ் எரிப்பும் குறையும், செல் எண்ணிக்கை மாறாமலே நிறம் வெளுக்கும்.

வளர்வதும் பிழைப்பதும் தனித்தனிச் சுவிட்சுகள். பிசிஎல்-2 செல்லைப் பெருக்குவதில்லை, சாகாமல் காக்கிறது என்று 1988இல் வாக்ஸ், கோரி, ஆடம்ஸ் காட்டியதிலிருந்து இந்தப் பிரிவு தெளிவு. எர்க் தடை பெருக்கத்தை நிறுத்துவது செல் பிரிவை முடுக்கும் சைக்ளின் டி1 பக்கத்தில். இறப்பு நடக்குமா என்பது மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் தீர்மானமாகிறது.

அந்த வாசலுக்கு எர்க்கிலிருந்து போகும் நேர்வழி பிம், இறப்பைத் தூண்டும் புரதம். எர்க், பிம்-இஎல்லின் (பிம்மின் நீண்ட வடிவம்) செரின் 69இல் பாஸ்பேட் ஏற்றி அதைப் புரோட்டியசோமுக்கு அனுப்புகிறது. எர்க் விழுந்தால் பிம் தங்கும், பாஸ்பேட் இல்லாததால் ஜெல்லில் சற்று வேகமாகவும் ஓடும். சுமார் 23 கிலோடால்ட்டனில் பேண்டு கீழிறங்கித் தடிப்பதைப் பார்க்கலாம். எர்க் 24 மணியில் திரும்பினால் பிம் மறுபடி தேயும். பி-எர்க் பார்த்த அதே லைசேட்டில் பிம்மையும் பாருங்கள், 0.2 மைக்ரான் சவ்வில். 0.45இல் சிறிய புரதம் தாண்டிப் போய்விடும்.

இறப்பை நேராகப் பார்க்க அனெக்சின் வி – பிஐ (சாகும் செல்லைச் சாயமிட்டு எண்ணும் முறை) செய்யுங்கள். ஹெச்டி-29 கொத்தாக ஒட்டும் செல், டிரிப்சினை அதிகநேரம் விட்டால் சவ்வு கிழிந்து பொய்யாகப் பாசிட்டிவ் வரும். டிரிப்சின் கரைசலின் இடிடிஏ மிச்சம் இருந்தாலோ எதிர்மாறு: அனெக்சின் ஒட்டக் கால்சியம் வேண்டும், பஃபரில் 2.5 மில்லிமோலார். நன்றாகக் கழுவுங்கள்.

நுண்குழாய்

மூவருக்கும் நன்றி. சொன்னபடி மாற்றிச் செய்ததன் முடிவுகள்:

22ஆம் மணியில் புது மருந்து சேர்த்தும் பி-எர்க் விழவில்லை. பழைய மீடியம் ஏ375இல் பி-எர்க்கை இறக்குகிறது. ஆக மருந்து இருக்கிறது. நீர்த்த வரிசையோடு ஒப்பிட்டால் 24 மணியில் திரும்புவது 50%க்கும் 100%க்கும் நடுவே. பி-ஈஜிஎஃப்ஆர் டைரோசின் 1068 ஏறுகிறது. செடுக்ஸிமாப் 10 மைக்ரோகிராம்/மில்லி சேர்த்தால் பி-எர்க் 24 மணியிலும் கீழேயே நிற்கிறது, பிம்-இஎல் தடிக்கிறது. 0 மணித் தட்டோடு எண்ணினால் செல் எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. ஆனால் மிதந்த செல்களைச் சேர்த்தும் 89 பேண்டு மிக மெலிது. ஸ்டாரோஸ்போரின் குழியில் நன்றாக வருகிறது. பிம் ஏறியும் ஏன் சாகவில்லை?

இறப்புக்கணக்கு

நல்ல முடிவு, கேள்வி இப்போது சரியான இடத்துக்கு வந்துவிட்டது. பிம் இருக்கிறது, ஆனால் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. கட்டியிருப்பது யார் என்று பார்க்க வேண்டும். ரத்தப் புற்றுகளில் பெரும்பாலும் பிசிஎல்-2. எபிதீலியக் கட்டிகளில் அநேகமாக அதே குடும்பத்து பிசிஎல்-எக்ஸ்எல், அல்லது எம்சிஎல்-1, அல்லது இரண்டும்.

இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் ஒரு புரதத்தை, அதோடு ஒட்டியவற்றுடன் சேர்த்து இழுப்பது) செய்யுங்கள். இங்கே பெரும்பாலோர் சறுக்குவது டிடர்ஜென்ட்டில். டிரைட்டான், என்பி-40 இரண்டும் பாக்ஸின் (மைட்டோகாண்ட்ரியாவில் துளையிடும் புரதம்) உருவத்தை மாற்றி, செல்லில் இல்லாத இணைப்புகளைக் குழாயில் உண்டாக்கிவிடும். சாப்ஸ் 1%, ஹெப்பிஸ் 20 மில்லிமோலார் பிஹெச் 7.4, சோடியம் குளோரைடு 150 மில்லிமோலார். ஒரு இழுப்புக்கு 500 மைக்ரோகிராம் முதல் 1 மில்லிகிராம் வரை புரதம். ஒன்றில் பிசிஎல்-எக்ஸ்எல்லை இழுத்து பிம் பிளாட், இன்னொன்றில் எம்சிஎல்-1ஐ இழுத்து பிம் பிளாட். ஆன்டிபாடியைத் தாங்கும் நுண்மணிகளில் (பீடு) ஒட்டாமல் மேலே நின்ற திரவத்தையும் ஓட்டுங்கள், எவ்வளவு பிம் கட்டுப்படாமல் இருக்கிறது என்று தெரியும். ஆன்டிபாடியின் இலகு சங்கிலி 25 கிலோடால்ட்டனில் வந்து 23இல் இருக்கும் பிம்-இஎல்லை முழுதாக மறைக்கும். இழுக்கவும் பிளாட்டுக்கும் வேறு வேறு விலங்கின் ஆன்டிபாடி எடுங்கள், அல்லது ஆன்டிபாடியை மணிகளோடு வேதிமுறையில் பிணைத்துவிடுங்கள். ஆன்டிபாடி மட்டும் இருக்கும் வெற்று இழுப்பு ஒன்று கட்டாயம்.

பிறகு செயல் சோதனை. வெமுராஃபெனிப் + செடுக்ஸிமாப் 24 மணி ஓடிய செல்களுக்கு பிஹெச்3 போலிகளை (பிம்மைப் போல நடித்து, அதைக் கட்டும் புரதத்தை அடைக்கும் மருந்துகள்) தனித்தனியாகச் சேருங்கள்: பிசிஎல்-எக்ஸ்எல்லுக்கு ஏ-1331852, எம்சிஎல்-1க்கு எஸ்63845, பிசிஎல்-2க்கு வெனிடோக்ளாக்ஸ். 100 நானோமோலாரில் தொடங்கி மேலே போகலாம். 6 மணியிலும் 24 மணியிலும் கேஸ்பேஸ்-3 (அபோப்டோசிஸை நடத்தும் நொதி), அனெக்சின். எதைச் சேர்த்தால் சாகிறதோ அதுதான் காவல்காரன். கேஸ்பேஸ் தடுப்பானான கியூ-விடி-ஓபிஹெச் 10–20 மைக்ரோமோலார் சேர்த்த குழியில் இறப்பு நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அது கேஸ்பேஸ் வழி இறப்பு அல்ல.

இரண்டு எச்சரிக்கை. எஸ்63845 போட்டால் பிளாட்டில் எம்சிஎல்-1 பேண்டு ஏறும். மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். மருந்து உட்கார்ந்த எம்சிஎல்-1 சிதையாமல் தேங்குகிறது, அவ்வளவுதான். அடுத்து, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 இரண்டையும் ஒருசேர அடைத்தால் ஏறக்குறைய எந்தச் செல்லும் வேகமாகச் சாகும், சாதாரணச் செல்கூட. அந்த இறப்பை வைத்து இந்தச் செல்லின் சிறப்புப் பலவீனம் என்று எழுத முடியாது. பிசிஎல்-எக்ஸ்எல் தடையை விலங்குகளுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், ரத்தத் தட்டணுக்கள் உயிர்வாழ்வதே பிசிஎல்-எக்ஸ்எல்லால் என்பதை மறக்காதீர்கள். பிசிஎல்-எக்ஸ்எல்லையும் தடுக்கும் நேவிடோக்ளாக்ஸ் சிக்கியது அங்கேதான்.

ஹெச்டி-29 பற்றி இன்னொன்று. பி53இல் ஆர்273ஹெச் பிறழ்வு இருப்பதால் பி53 வழியாகப் பூமா, நாக்ஸா என்ற இறப்புத் தூண்டும் புரதங்கள் வருவது பலவீனம். பிம் தனியாகவே காவலை உடைக்க வேண்டியிருக்கிறது. ஏ375இல் பி53 இயல்பானது. இரண்டையும் ஒப்பிடும்போது எல்லா வித்தியாசத்தையும் ஈஜிஎஃப்ஆரின் தலையில் கட்டிவிடக் கூடாது.

ராஸ்வழி

செடுக்ஸிமாப் முடிவோடு ஜெஃபிடினிப் 1 மைக்ரோமோலாரையும் சேர்த்துக் காட்டுங்கள். ஒன்று ஏற்பியை வெளியிலிருந்து மறைக்கிறது, மற்றது உள்ளே கைனேஸை அடைக்கிறது. இரண்டிலும் பி-எர்க் ஒரே மாதிரி அடங்கினால் வாதம் உறுதி. செடுக்ஸிமாப் குழிக்கு அதே அளவு மனித ஐஜிஜி1 கட்டுப்பாடு வேண்டும்.

ராஸ்-ஜிடிபியை ராஃப்1இன் ஆர்பிடி (ராஸ் ஒட்டும் பகுதி) துண்டால் இழுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. இழுப்புப் பஃபரில் மெக்னீசியம் 5–10 மில்லிமோலார் இருக்க வேண்டும், இடிடிஏ கூடாது. மெக்னீசியம் போனால் ராஸ் நியூக்ளியோடைடை நழுவவிட்டுவிடும். லைசேட்டில் ராஸ் தன்பாட்டில் ஜிடிபியை வெட்டிக்கொண்டே இருக்கும், எனவே தட்டிலிருந்து நுண்மணிகளுக்குப் போகும்வரை எல்லாம் பனிக்கட்டி மேல், குழிகளை ஒவ்வொன்றாக எடுங்கள்.

ஆக்ட் (பிஐ3கே வழியின் கைனேஸ்) செரின் 473ஐயும் அதே லைசேட்டில் பாருங்கள். ஹெச்டி-29இல் பிஐ3கே பிறழ்வும் உண்டு. ஆக்ட் ஓடிக்கொண்டிருந்தால், பிம்மை எழுதவைக்கும் ஃபாக்ஸோ3 கருவுக்கு வெளியே நிற்கும், பிம் மரபணு முழு வேகத்தில் எழுதப்படாது. எர்க் தடை பிம்மைச் சிதையாமல் காக்கும், ஆனால் புதிதாக வருவது போதாது.

பேண்டுகவனி

இதை நீண்ட நாள் ஓட்டும் திட்டம் இருந்தால் ஒன்று. இரண்டு மூன்று வாரம் மருந்தில் நின்று மிஞ்சும் செல்களை உடனே "எதிர்ப்புத் திறன் பெற்றவை" என்று அழைக்காதீர்கள். அவை பொறுத்துக்கிடப்பவையாக இருக்கலாம். பிசி-9 நுரையீரல் புற்றுச் செல்களில் ஈஜிஎஃப்ஆர் தடை மருந்தான எர்லோடினிப் கொடுத்தபோது இப்படிச் சுமார் 0.3% மிஞ்சியதை 2010இல் காட்டினார்கள். மருந்தை நிறுத்தி வளரவிட்டால் அவை மறுபடி மருந்துக்கு வசப்பட்டன. பிறழ்வு அல்ல, குரோமாட்டின் நிலை.

சோதனை எளிது. மிஞ்சியதை மருந்தில்லாமல் சில வாரம் வளர்த்து, பழைய டோஸ் வளைவைத் திரும்பப் போடுங்கள். வளைவு தாய்ச்செல்லோடு ஒட்டினால் பொறுத்துக்கிடந்தவை. வலப்பக்கம் தள்ளியே நின்றால் பிறழ்வைத் தேட வேண்டும்: கே.ராஸ், மெக்1, பிராஃப் நகல் பெருக்கம். பிராஃபின் சி-முனை ஆன்டிபாடியில் ஒரு பிளாட் போட்டு 61 கிலோடால்ட்டனில் புதுப் பேண்டு வருகிறதா என்றும் பாருங்கள். எக்ஸான் 4 முதல் 8 வரை துள்ளிப்போன அந்தத் துண்டில் ராஸ் ஒட்டும் பகுதியே இருக்காது, ராஸ் இல்லாமலே இணை சேரும், ஈஜிஎஃப்ஆரை அடைத்தும் பி-எர்க் இறங்காது. என்-முனை ஆன்டிபாடி வைத்திருந்தால், அது பிடிக்கும் பகுதி வெட்டுப்போன இடத்தில் இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். அங்கேயே இருந்தால் இந்தப் பேண்டு தெரியாது.